இரண்டாவது லெவலைத் தாண்டிய ஒரே ஆள்

பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால், எங்கள் ரயில் பெட்டியில் வரும் யாராவது ஒருத்தி இதைப் படித்துவிட்டு அவரிடம் கொண்டுபோய்க் காட்டுவாள். அவரும் முதல் நாலு வரியில் கண்ணை ஓட்டிவிட்டு, "சூப்பரா எழுதிக்கிறியேடி!" என்பார். அதை இன்னொரு முறை கேட்க எனக்குத் தெம்பில்லை. அதனால் அக்கா என்றே இருக்கட்டும். பெட்டியில் எல்லோருக்கும் அவர் அக்காதான்.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்குக் காலை பாசஞ்சரில் வேலைக்குப் போகிற கூட்டம் நாங்கள். நான் அப்போது ஒரு ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் டைப் செய்துகொண்டிருந்தேன். அக்கா ஒரு ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் நிற்பவர். நிற்பவர் என்றுதான் சொல்ல வேண்டும். நாள் முழுக்க உட்கார நேரமிருக்காது. அதனால் ரயிலில் ஜன்னலோரம் கிடைத்துவிட்டால் காலை நீட்டிக்கொண்டு, பெருமுக்கலிலிருந்து டவுன் பஸ்ஸில் நசுங்கி வந்த புடவைக் கொசுவத்தை நீவிவிட்டபடியே, எதிரில் இருப்பவளைப் பார்த்து அன்றைய முதல் பாராட்டைத் தொடங்குவார்.

"இன்னாடி, இன்னிக்கு மொகமே ஜொலிக்குது?"

எதிரில் இருப்பவள் குழந்தைக்குக் காய்ச்சல் என்று தூங்காமல் வந்திருப்பாள். இருந்தாலும் கையைக் கொண்டுபோய்க் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொள்வாள். மயிலம் வருவதற்குள் அவள் முகம் நிஜமாகவே கொஞ்சம் தெளிந்துவிடும். அதை நான் மறுக்க மாட்டேன்.

புது ஜாக்கெட், புது செருப்பு, பேத்தியின் போட்டோ, மகனின் மார்க் ஷீட், எது வந்தாலும் அக்காவின் மடிக்குத்தான் முதலில் போகும். நர்ஸ் வேலை பார்க்கும் ஒருத்தி ஒருநாள் உப்புப் போட மறந்த புளிசாதத்தைக் கொண்டுவந்தாள். நாங்கள் ஒரு வாயோடு நிறுத்திக்கொண்டோம். அக்கா டிபன் மூடியை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "கைப்பக்குவம்னா இதாம்மே" என்றார். அதற்குப் பிறகு அந்த நர்ஸ் எங்களுக்குக் கொண்டுவந்த எந்தப் புளிசாதத்திலும் உப்பு இருந்ததில்லை. நாங்கள் சிரித்துச் சிரித்து மாய்ந்தோம். இன்றைக்கு யோசித்தால் அந்த நர்ஸை நினைத்து எனக்குப் பாவமாக இருக்கிறது.

நான் கேம் செய்யக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தது பெரிய கதையில்லை. ஸ்கேன் சென்டரில் கூட்டமில்லாத ஒரு மதியம் போனில் ஒரு வீடியோ பார்த்தேன். ஒரு பையன் வெள்ளைச் சதுரம் ஒன்றைத் திரையில் வைத்து, நாலு வரி எழுதி, அதை இடமும் வலமும் ஓடவிட்டான். அவ்வளவுதான். எனக்கு என்னவோ செய்தது. பி.எஸ்சி. கம்ப்யூட்டரில் மூன்று வருடம் படித்தும் நான் சொல்லி எதுவும் நகர்ந்ததில்லை. அன்று மாலையே, ப்ளஸ் டூவில் அரசு கொடுத்த லேப்டாப்பைப் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டினேன். இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளை இறக்கி, நானும் ஒரு சதுரம் வைத்தேன். என் சதுரம் தரையில் நிற்கவில்லை. தரையைத் துளைத்துக்கொண்டு கீழே கீழே விழுந்துகொண்டே இருந்தது. தரையிடம் 'நீ தரை' என்று தனியாகச் சொல்லிவைக்க வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது.

சதுரம் கடைசியில் நின்றதும் அதைப் போனில் ஏற்றிக்கொண்டுபோய் அக்காவிடம்தான் முதலில் காட்டினேன்.

"ஐய, ஓடுதே! நீயே பண்ணியா?" என்றார். "யம்மாடி, இந்தப் பொண்ணு கேமு பண்ணுதுடி!" என்று பெட்டி முழுக்கச் சொன்னார்.

அந்த ஒரு குரலை வைத்துக்கொண்டு நான் பல மாதம் ஓட்டினேன். வீட்டில் அப்படிக் கேட்க ஆளில்லை. அம்மாவிடம் பட்டன் செல். அப்பா மல்லாட்டை மண்டியில் நிலக்கடலை மூட்டைகளை எடை போடுகிறவர். மூட்டை ஏறியதா, முள் நின்றதா என்பதோடு அவர் உலகம் முடிந்துவிடும். "ஆட்டம் ஆடறதுக்கு ஆளு இருக்குது, சரி. ஆட்டம் செய்யறதுக்கு எவன் சம்பளம் குடுக்கறான்?" என்றார். நான் விடாமல் பேசியதில் கொஞ்சம் இறங்கிவந்தார். "பி.எட். அட்மிஷன் வர்ற வரைக்கும் பாரு. அதுக்குள்ள இதுல வேலைன்னு ஒண்ணு வந்துட்டா நான் வாயத் தொறக்க மாட்டேன். வரலைன்னா டீச்சருக்குப் படி. அப்புறம் பேச்சு கூடாது."

முதலில் எல்லோரையும் போல நானும் பெரிதாகத்தான் ஆரம்பித்தேன். ஏழு தேசம், ராஜா, குதிரைப்படை. குதிரைக்குக் கால் வரைவதற்குள் ஆடி போய் ஆவணி வந்துவிட்டது. அத்தனையையும் தூக்கிப் போட்டுவிட்டு, ஒரு மலை, ஒரு ஆடு என்று சுருக்கிக்கொண்டேன். ஆடு பாறைக்குப் பாறை தாவி உச்சியில் இருக்கும் கோயிலுக்குப் போக வேண்டும். மூன்றே லெவல். மலை, பெருமுக்கல் மலை. அக்கா தினமும் அந்த மலையடியிலிருந்துதான் வருகிறார். ஆடும் அவர் வீட்டு ஆடுதான். ஒருநாள் காலையில் அதன் காதைத் திருகி, அது கத்தியதைப் போனில் பதிவு செய்து எனக்கு அனுப்பினார். என் கேமில் ஆடு பள்ளத்தில் விழும்போதெல்லாம் அந்த 'மே' கேட்கும்.

நான் வரைந்த மலையைக் காட்டினேன். சொன்னால் வெட்கம், அது கவிழ்த்துவைத்த இட்லி மாதிரி இருந்தது.

"அப்டியே எங்க ஊரு மலதாண்டி" என்றார் அக்கா.

அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். பிறந்ததிலிருந்து அந்த மலையைப் பார்த்து வளர்ந்த மனுஷி அவர்.

கேம் செய்யக் கற்றுக்கொடுக்கிறவர்கள் எந்த மொழியில் பேசினாலும் ஒரு விஷயத்தைத் தலையில் குட்டிச் சொல்வார்கள். செய்தவள் ஆடிப் பார்த்தால் குறை தெரியாது. வேறு ஒருவர் கையில் கொடு, வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து பார். நான் கொடுத்தேன். பக்கத்தில் உட்காரத்தான் அக்கா விடவில்லை.

"நீ பாத்துக்கினே இருந்தா எனக்குக் கை ஒதறுதுடி. வூட்டுக்கு எடுத்துக்கினு போயி நிம்மதியா ஆடிட்டு வந்து சொல்றேன்."

சனிக்கிழமை அவர் போனில் ஏற்றிக் கொடுப்பேன். திங்கட்கிழமை ரயிலில் ஏறும்போதே, "முடிச்சிட்டேன்! சூப்பரு!" என்று கத்திக்கொண்டு ஏறுவார்.

"தப்பு எதுனா இருந்தாச் சொல்லுங்கக்கா. தப்பு சொல்றதுதான் எனக்கு ஹெல்ப்பு."

"இருந்தாத்தானடி சொல்றதுக்கு!"

இடையில் மூன்றாவது லெவலில் ஒரு தொல்லை வந்தது. ஆடு ஒரே தாவலில் கோயிலையே தாண்டித் திரைக்கு வெளியே போய்விட்டது. குதிக்கும் உயரத்துக்கு ஒரு எண் இருக்கும். அதைக் கொஞ்சம் குறைத்தேன். ஆடு ஒழுங்காகக் கோயில் வாசலில் இறங்கியது. மூன்றாவது லெவலை அடிக்கடி பார்க்க வேண்டியிருந்ததால், நேராக அங்கே போக எனக்கு மட்டும் ஒரு குறுக்குவழி வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து யார் ஆடுவது? அதற்குத்தான் அக்கா இருக்கிறாரே.

"மூணாவதுல மணி அடிக்குது பாரு, அங்க எனக்குப் புல்லரிச்சிப்போச்சிடி" என்றார் அந்தத் திங்கட்கிழமை. எனக்கும் புல்லரித்தது. வெள்ளிக்கிழமை ரயிலில் நான் குறுக்குவழியில் போய்ச் சோதித்தபோது அந்த மணியை அவர் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்திருந்தார் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

அக்காவின் கடைக்கு நான் ஒருமுறை போயிருக்கிறேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில், சும்மா பார்க்க. ராமர் பச்சையில் ஒரு புடவையைப் பிரித்து ஒரு அம்மாவின் தோளில் போட்டு, கண்ணாடி முன் நிறுத்தி, "உங்க நெறத்துக்குன்னே நெய்ஞ்ச மாதிரி இருக்குதும்மா. சாயமா? கல்லுல அடிச்சித் தொவைங்க, போவாது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அம்மாவுக்கு வேறு ஏதோ பிடித்துவிட்டது. அந்த அம்மா நகர்ந்ததும் அக்காவின் கூடப் பிறந்த தங்கை வந்தாள். கண்டாச்சிபுரத்தில் கட்டிக்கொடுத்திருந்த பெண். வந்தவள் அதே பச்சைப் புடவையைத்தான் கையில் எடுத்தாள். அக்கா அவள் கையைப் பிடித்துக் கீழே அழுத்தினார். குரல் அப்படியே இறங்கிவிட்டது.

"அது வாணாம். சாயம் வுடும். உள்ள வேற வெச்சிக்கிறேன், இரு."

நான் பார்த்துவிட்டதைப் பார்த்து எனக்குக் கண்ணடித்தார். நானும் சிரித்தேன். வாங்குகிறவர்கள் மேசைக்கு அந்தப் பக்கம், நானும் அக்காவும் இந்தப் பக்கம் என்று எனக்கு ஒரே பெருமை. ஸ்கேன் சென்டர் வரைக்கும் சிரித்துக்கொண்டே நடந்தேன்.

பி.எட். அட்மிஷன் நெருங்கிக்கொண்டிருந்தபோது அந்தச் செய்தி வந்தது. விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் ஒருநாள் விழா. யார் வேண்டுமானாலும் தாங்கள் செய்த கேமைக் கொண்டுவந்து வைக்கலாம். புதுச்சேரியிலிருந்து ஒரு சின்ன கம்பெனிக்காரர்கள் வந்து ஆடிப் பார்ப்பார்கள். பிடித்திருந்தால் ஒருவரைச் சம்பளத்தோடு பயிற்சிக்கு எடுத்துக்கொள்வார்கள். எனக்கு வேறு வாசல் கிடையாது. அதைவிட்டால் அப்பா சொன்னதுதான்.

முந்தின நாள் ரயிலில் அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். "அக்கா, மனசறிஞ்சி சொல்லுங்க. மொதல்லேர்ந்து கடைசி வரைக்கும் ஆடுனீங்களா? எங்கயும் மாட்டலையே?"

"எத்தினி தபாடி கேப்ப? ஆடுனேன், கோயிலுக்குப் போனேன், மணி அடிச்சிது. தங்கச்சிக்கு நான் பொய் சொல்லுவனா?"

கல்லூரியில் எனக்கு ஒரு பெஞ்சும் ஒரு பிளக் பாயின்ட்டும் கொடுத்தார்கள். அக்கா கடையில் பர்மிஷன் கேட்டுக்கொண்டு வந்துவிட்டார். என் பக்கத்தில் நின்று, போகிற வருகிற பிள்ளைகளையெல்லாம் "வாங்க, எங்க தங்கச்சி பண்ண கேமு" என்று கூப்பிட்டார். அந்த நேரத்தில் அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்து என் போனை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். முதல் லெவலைச் சிரித்துக்கொண்டே முடித்தார். "ஆடு க்யூட்டா இருக்கு" என்றார். இரண்டாவது லெவலில் ஒரு பள்ளம் வரும். ஆடு தாவியது. விழுந்தது. மே. மறுபடி தாவியது. மே.

அவர் விடாமல் முயன்றார். அக்கா குனிந்து, "கொஞ்சம் பின்னாடி வந்து ஓடிக்கினே ஜம்ப் பண்ணுங்க மேடம். நான் அப்டித்தான் தாண்டுனேன்" என்றார். அந்தப் பெண் அப்படியும் செய்து பார்த்தார். மே. சுற்றி நின்ற பிள்ளைகளில் ஒருத்தன் ஆடு மாதிரியே கத்திக் காட்டினான். எல்லோரும் சிரித்தார்கள்.

அந்தப் பெண் போனை அக்காவிடம் நீட்டினார். நக்கலாக இல்லை, நிஜமாகவே கேட்டார். "நீங்க ஒரு தடவை தாண்டிக் காட்டுங்களேன்."

அக்கா போனைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. "ஐயோ, கடையில தேடுவாங்க, நேரமாயிட்டுது" என்று சொல்லிக்கொண்டே பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டார்.

நான் வாங்கி ஆடினேன். என் ஆடு, என் பள்ளம். என்னாலும் தாண்ட முடியவில்லை.

"யார்கிட்டயாவது குடுத்து ஆடச் சொல்லிப் பாத்தீங்களா?" என்று அந்தப் பெண் மெதுவாகக் கேட்டார்.

"பாத்தேன் மேடம்."

"என்ன சொன்னாங்க?"

"சூப்பர்னு சொன்னாங்க."

அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போனார். அங்கே ஒரு பையன் வெறும் பந்து ஒன்றை உருட்டும் கேம் வைத்திருந்தான். அது கடைசி வரை உருண்டது. அவனை எடுத்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்ததும் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிட்டது. மூன்றாவது லெவலுக்காகக் குதிக்கும் உயரத்தைக் குறைத்தேன் அல்லவா, அது எல்லா லெவலுக்கும் சேர்த்துக் குறைந்திருந்தது. அன்றிலிருந்து இரண்டாவது லெவல் பள்ளத்தை எந்த ஆடும் தாண்ட முடியாது. கற்றுக்கொள்கிறவர்கள் எல்லோரும் செய்கிற தப்புதான். யாராவது ஒருவர் 'இங்கே மாட்டிக்கொண்டது' என்று ஒரு வார்த்தை சொன்னால் சரியாகிவிடுகிற தப்பு. அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் கொடுத்தேன். ஒவ்வொரு திங்கட்கிழமையும் அக்கா தாண்டியிருந்தார். எனக்கு அழுகை வரவில்லை. அருவருப்பாக இருந்தது. வேலை கிடைக்காமல் போனதைவிட, அவர் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சியதை நினைத்துத்தான் உடம்பு கூசியது.

மறுநாள் காலை அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"ரெண்டாவது லெவல் தாண்டுனீங்களாக்கா?"

"இன்னாடி, ஏறுனதும் ஏறாததுமா..."

"அத யாராலயும் தாண்ட முடியாதுக்கா. ஆடு அவ்ளோ தூரம் குதிக்காது."

அக்கா கொசுவத்தை நீவிக்கொண்டார்.

"எனக்கு அதெல்லாம் வெரல் போவாதுடி. மொதல்லியே ரெண்டு தபா வுழுந்துது, வெச்சிட்டேன். நீ வந்து மொகத்தையே பாத்துக்கினு நிப்ப. அந்த மொகத்தப் பாத்துக்கினு எப்டிடி நொட்ட சொல்றது?"

முதல் லெவலைக்கூட முடிக்கவில்லை.

"உங்க தங்கச்சிக்கு மட்டும் சாயம் போவும்னு சொன்னீங்களே?"

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். இதுகூடத் தெரியாதா என்கிற பார்வை. துளிக்கூடக் கோபம் இல்லை.

"அவ எங்கூடப் பொறந்தவடி."

சொல்லிவிட்டு டப்பாவைத் திறந்து, "இந்தா, கேப்ப அடை. சூடாக் கீது, துன்னு" என்று நீட்டினார். நான் விக்கிரவாண்டியில் இறங்கி அடுத்த பெட்டியில் ஏறிக்கொண்டேன். பெட்டியில் இருந்தவர்கள் பிறகு என்னைத்தான் குறை சொன்னார்களாம். அவ்வளவு பாசமாக இருந்த பொம்பளையிடம் இப்படியா பேசுவது என்று.

பி.எட். சேர்ந்துவிட்டேன். அப்பா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், நானும் காப்பாற்றினேன். மாலையில் இன்னும் கேம் செய்கிறேன். பயிற்சிக்குப் போகும் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நிற்கிறேன். "மிஸ், செம மொக்க" என்று முகத்துக்கு நேரே சொல்கிறார்கள். ஏன் மொக்கை என்று சண்டை போட்டுக்கொண்டு விளக்குகிறார்கள். அவர்களைக் கும்பிடலாம் போலிருக்கிறது.

அக்காவை அதற்குப் பிறகு ஒரே ஒரு முறைதான் பார்த்தேன். மாமா பெண் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க அம்மா என்னை விழுப்புரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அம்மாவுக்கு இந்தக் கதையெதுவும் தெரியாது. நேராக அந்தக் கடைக்குள் நுழைந்துவிட்டாள். அக்கா ஒன்றும் நடக்காத மாதிரிதான் சிரித்தார். அம்மா கைகாட்டிய அரக்கு நிறப் புடவையைப் பிரித்து என் தோளில் போட்டு, கண்ணாடியைத் திருப்பிவைத்தார். மடிப்பைச் சரிசெய்வது போல என் பக்கம் சாய்ந்தார். குரல் இறங்கியது.

"இது வாணாம். சாயம் வுடும். உள்ள வேற வெச்சிக்கிறேன், எடுத்தாறன்."

அந்தக் குரல் எனக்குத் தெரியும். அதைக் கேட்டதும் ஒரு நொடி அவருடைய தங்கை கண்முன் வந்தாள். ஆனால் அடுத்த நொடியே, உள்ளே இருப்பது விற்காத சரக்காக இருக்கும், அதைத் தள்ளிவிடப் பார்க்கிறார் என்றுதான் மனசு சொன்னது. அவர் வாயிலிருந்து எது வந்தாலும் இனி எனக்கு அப்படித்தான்.

"இல்ல, இதையே போடுங்க" என்றேன்.

அக்கா புடவையை மடித்துப் பில்லுக்கு அனுப்பினார். "சூப்பர் செலக்‌ஷன் மேடம்" என்றார்.

கல்யாணம் முடிந்து அம்மா அதை நனைத்தாள். கூட ஊறிய அப்பாவின் வேட்டியும் அரக்காகிவிட்டது. பக்கெட்டுக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டு அம்மா புலம்பித் தீர்த்தாள்.

"அந்தப் பொண்ணு உன் காதுல இன்னாமோ சொல்லிச்சே. இன்னாடி சொல்லிச்சி?"

"சூப்பரா இருக்குதுன்னு சொன்னாங்கம்மா" என்றேன்.